பதினான்கு பாட்டில் தண்ணீர்

1

போன வாரம் லிடியாவோடு பயணத் தடுப்பூசி போடும் இடத்துக்குப் போயிருந்தேன். லிடியா என் ஒரே மகள். பதினெட்டு வயதாகிவிட்டது. இந்த மே மாதம் தனியாக மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் என் அண்ணன் வீட்டில் ஆறு வாரம் தங்கப் போகிறேன் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், அவளும் சரி என்றிருக்கிறாள்.

ஸ்வீடனில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. அன்றைய படிவத்தின் ஒன்பதாவது கேள்வி: வெப்ப நாடுகளில் இதற்கு முன் உடல்நலக் கோளாறு ஏற்பட்டதா? ஏற்பட்டிருந்தால் காரணத்தைச் சுருக்கமாக எழுதவும். அதற்கு விட்டிருந்த இடம் என் சுண்டுவிரல் நீளம்.

லிடியா பேனாவைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"காரணம், அப்பா. அப்படின்னு எழுதட்டுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தமிழ் புரியாத நர்ஸம்மாவும் கூடச் சிரித்தார். நான் எழுந்து போய்க் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு வருடம் ஆகிறது. இன்னும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டால் என் கை தானாகக் குழாயை மூடப் போகிறது. பிழைப்புக்கு நான் செய்கிற வேலையோ குடிநீர்ச் சோதனை. இந்த நகரம் குடிக்கிற தண்ணீரை இருபது வருடமாகக் குப்பியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

போன வருடம் நானும் லிடியாவும் ஊருக்குக் கிளம்பும்போது அதே இடத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் மட்டுமே குடிக்கவும். தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்கவும். பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலைத் தவிர்க்கவும். வேகவைத்ததை உண்ணவும், தோலுரித்ததை உண்ணவும், மற்றதை விட்டுவிடவும். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கவும். நான் அதை ப்ளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மன்னார்குடியில் கார் நின்றதுமே ஐந்து பெட்டி தண்ணீர் வாங்கினேன். ஒவ்வொரு பாட்டிலையும் நானே திறப்பேன். மூடி உடைகிற அந்த 'டக்' என்ற சத்தம் காதில் விழுந்தால்தான் லிடியாவிடம் கொடுப்பேன். கைபேசியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்திருந்தேன். மணி அடித்தால் அவள் குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஸ்வீடனிலிருந்து கொண்டுபோன ஓட்ஸ், பாட்டில் தண்ணீரில் காய்ச்சியது, உப்பில்லாமல். வாழைப்பழம், அவித்த முட்டை. அண்ணி வைத்த குழம்பு, மோர், ஊறுகாய் எதையும் தொடவிடவில்லை.

அண்ணியின் பெயர் ஞானம். அண்ணன் சாமுவேலைக் கட்டிக்கொண்டு சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் வந்த முதல் நாளே லிடியா அவரைப் 'பெரியம்மா' என்று கூப்பிடத் திணறி, "பெரிய... அம்மா" என்று இரண்டாக உடைத்துச் சொன்னாள்.

"ஆமாங் கண்ணு, பெரிய அம்மாதான். ஒடம்பப் பாத்தா தெரியலயா?" என்று இடுப்பில் கை வைத்துத் திரும்பி நின்று காட்டினார். லிடியா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவர் பின்னாலேயே திரிந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ஸ் தின்றாள்.

"ஏந் தம்பி, இந்த வெயில்ல புள்ளைக்கு ஒரு கல்லு உப்பு வேணாமா?" என்று அண்ணி கேட்டார்.

"உப்பு அதிகமா எடுக்கக் கூடாதுங்க அண்ணி. அங்க டாக்டருங்க சொல்றாங்க."

"அங்க வேர்க்குமா?"

நான் இன்னொரு பாட்டிலைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் லிடியாவுக்குத் தலைவலி. வெயில் என்று நினைத்து மணியைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்தேன். நான்காம் நாள் விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியவில்லை. குமட்டுகிறது என்றாள். இன்னும் தண்ணீர் கொடுத்தேன். பையில் உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள் பத்து இருந்தன. ஒன்றையும் பிரிக்கவில்லை. வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் என்றுதானே போட்டிருந்தது. அவளுக்கு வயிற்றுப்போக்கு இல்லை.

3

நான் ஏன் இப்படி ஆனேன் என்பதை என் மனைவிக்கே முழுதாகச் சொன்னதில்லை. லிடியாவுக்குச் சொன்னதே இல்லை.

எனக்குப் பதினோரு வயது, தங்கை எஸ்தருக்கு ஏழு. காலாண்டு விடுமுறை, குறுவை அறுப்பு. அந்த வருடம் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு எங்கள் கீழத்தெருக்காரர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பண்ணையார் வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கினார். வரப்பில் வெட்டுக்குத்து நடந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கு மூன்று விரல்கள் போயின. வெளியூர் ஆள் ஒருவர் வாய்க்காலில் முகம் குப்புறக் கிடந்து, யாரோ இழுத்துப் போட்டதால் பிழைத்தார். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு கட்சிக் கார்கள் போகும். அதே சாலையில் போலீஸ் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பும். கடைசியில் தாசில்தார் முன்னால் பேசி, பண்ணை இறங்கி வந்தது. எங்கள் ஆட்கள் அரிவாளோடு வயலில் இறங்கிய முதல் நாள்தான் நான் சொல்லப்போகிற நாள்.

அறுப்பின் முதல் நாள் வீட்டுக்கு ஒரு குவளை பழைய சோறு கொண்டுவந்து ஒரே பானையில் கொட்டுவார்கள். கரைத்து உப்புப் போட்டு, பூவரச மரத்தடியில் வைப்பார்கள். எல்லோருக்கும் அதுதான் கஞ்சி. பானைக்குக் காவலாக என்னையும் எஸ்தரையும் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நான் அவளை இழுத்துக்கொண்டு வாய்க்காலில் நண்டு பிடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பானை வைத்த இடத்திலேயே இருந்தது. எஸ்தர் தாகம் என்று அழுதாள். கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தேன்.

"அண்ணா, மண்ணெண்ண வாசம் வருது."

"யாராவது விளக்குத் தொட்ட கையால கரைச்சிருப்பாங்க. சீக்கிரம் குடி, நண்டு ஓடிடும்."

குடித்தாள். அரை மணி நேரத்தில் வரப்பில் விழுந்தாள். உடம்பு வில்லாக வளைந்தது. குதிகால்கள் காய்ந்த மண்ணில் படபடவென்று அடித்தன, தோல் உரிந்து ரத்தம் வரும்வரை அடித்தன. பற்கள் நாக்கின்மேல் பூட்டிக்கொண்டன. அம்மா ஓடி வந்து வாய்க்குள் விரலை விட்டார். எலும்பு தெரியக் கடிபட்டும் எடுக்கவில்லை. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினார். ஓடும்போதும் அந்தக் கால்கள் அவர் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தன. பாமணி ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டன.

பானையைக் கவிழ்த்தார்கள். அதை நக்கிய நாயும் செத்தது. நெற்பயிருக்கு அடிக்கிற எண்டிரின் பூச்சிமருந்து என்று எல்லோருக்கும் தெரிந்தது. அது பண்ணைக் கொட்டகையில்தான் இருக்கும், சாவி பண்ணைக் கணக்குப் பார்க்கும் காரியக்காரரிடம். பிணத்தைப் பண்ணை வீட்டு வாசலில் கிடத்தினார்கள். போலீஸ் வந்து தடியால் அடித்தது. அப்பாவின் இடது கை அன்று முறிந்தது, பிறகு நேராகவே இல்லை. காகிதத்தில் வாந்திபேதி என்று எழுதி மூடினார்கள். அடுத்த மாதமே என்னைச் சபை விடுதிக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அதன்பின் நான் எங்கள் தெருவில் முழுதாக ஒரு மாதம் இருந்ததில்லை. எந்தப் பொதுப் பானையிலும் வாய் வைத்ததும் இல்லை.

4

இப்போது ஐந்தாம் நாளுக்கு வருகிறேன்.

அண்ணன் சாகுபடி செய்வது குத்தகை நிலம். பண்ணையாரின் பேரன், குத்தகை முடிந்துவிட்டது, நிலத்தை விடு என்று சொல்லி மூன்று வருடமாக வழக்கு. கோடை நெல் முற்றி நின்றது. அறுக்க வரவிருந்த எந்திரக்காரரை அந்தப் பக்கத்தார் மிரட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழையபடி தெருவே அரிவாள் எடுத்துக்கொண்டு இறங்கியது. லிடியா பார்த்தே தீருவேன் என்றாள். காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கூட்டிப் போனேன்.

பூவரச மரம் அங்கேயே இருந்தது. கீழே பானை.

நான் மணியை அணைத்துவிட்டுப் புதுப் பாட்டில் திறந்துகொண்டிருந்தேன். அண்ணி பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டார். தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அதே தம்ளரை லிடியாவிடம் நீட்டினார்.

"ஒரு வாய் குடி கண்ணு. மொகமே சரியில்ல ஒனக்கு."

லிடியா வாங்கினாள். நான் பாய்ந்து தட்டிவிட்டேன். தம்ளர் பானையில் மோதியது. மண்பானை, அறுப்புக்கென்று வாங்கிய புதுசு, பக்கவாட்டில் விண்டு கஞ்சி முழுவதும் வரப்பில் ஓடியது.

அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அண்ணி மட்டும் குனிந்து பானைச் சில்லுகளைப் பொறுக்கியபடி சொன்னார்:

"இதுக்குத்தான் அந்தக் காலத்துல பண்ணையில ஆள் அனுப்புவாங்க. இப்ப நீங்களே வந்து ஒடைச்சிட்டீங்க தம்பி."

அதற்குள் டிராக்டர் சத்தம். பண்ணையார் பேரனின் ஆட்கள், பத்துப் பன்னிரண்டு பேர். முதலில் வாய்ப்பேச்சு.

"யாரக் கேட்டுடா அறுக்கிறீங்க?"

"வெதச்சவனக் கேட்டு அறுக்கிறோம். ஒங்க பாட்டனக் கேக்கவா?"

பிறகு இரும்புக்குழாய், அரிவாள், மண்வெட்டிக் காம்பு. கட்டிப்போட்டிருந்த நெல்லின்மேல் டிராக்டரை ஏற்றினார்கள். அண்ணன் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றார். குழாய் அவர் நெற்றியில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த மட்டை முறிகிற மாதிரி. ரத்தம் கண்ணை மறைக்க அவர் அரிவாளைக் காற்றில் வீசினார். ஒருவனுடைய தோளில் சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது. பெண்கள் மண்ணை அள்ளி முகத்தில் எறிந்தார்கள். நான் படித்தவன், நாற்பத்தெட்டு வயதுக்காரன். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லிடியா பெரியப்பா என்று கத்திக்கொண்டு ஓடினாள். பத்தடி ஓடியிருப்பாள். கால் பின்னி விழுந்தாள். உடம்பு வில்லாக வளைந்தது. குதிகால்கள் மண்ணில் அடித்தன.

அதே மண். அதே கால்.

நான் மகளிடம் ஓடவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும். நான் அண்ணியிடம் ஓடினேன். அவர் கழுத்தடிச் சேலையைப் பிடித்து உலுக்கினேன். "என்ன குடுத்தீங்க? பானையில என்ன இருந்துச்சு? யார் கலந்தா?" என்று கத்தினேன். சேலை கிழிந்தது. ஒரு சொட்டுக்கூட அவள் குடிக்கவில்லை என்பது, தட்டிவிட்டவனே நான் என்பது, அந்த நேரத்தில் என் மூளையில் இல்லை. அண்ணி என் கையைப் பிடுங்கி உதறிவிட்டு லிடியாவை ஒருக்களித்துப் புரட்டினார்.

"அப்புறம் அடிங்க என்னைய. மொதல்ல வண்டியப் புடிங்க!"

5

அடிபட்ட அண்ணனையும் வலிப்பில் கிடந்த மகளையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதுவே வினையானது. இரண்டு பேரும் அடிதடியில் காயம்பட்டவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். போலீஸுக்குத் தகவல், வாக்குமூலம், பாஸ்போர்ட் நகல். எதிரி பெயர் என்ன, எந்த ஆயுதம் என்று ஒரு ஏட்டு என்னைக் கேட்டார். தலையில் அடி என்று முடிவு செய்து ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் அடிபட்ட அடையாளம் ஒன்றுமில்லை. அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. நான்கு பேர் பிடித்தும் கட்டில் நகர்ந்தது.

பயணக் காப்பீட்டு எண்ணுக்கு அழைத்தேன். ஸ்வீடிஷ் மொழியில் ஒரு பெண் மிக அன்பாக, சம்பவம் விபத்தா நோயா என்று கேட்டாள். விபத்தென்றால் ஒரு பிரிவாம், நோயென்றால் இன்னொன்றாம். இருபத்திரண்டு வருடமாகப் பேசுகிற மொழி, மகள் கனவு காண்கிற மொழி, அதில் 'வலிப்பு' என்பதற்கு என்ன என்று மறந்துபோனது. தமிழில் கத்தினேன். அவள் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டாள்.

இரவுப் பணிக்கு அப்போதுதான் வந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மா, "அஞ்சு நாளா என்ன சாப்பிட்டாங்க, என்ன குடிச்சாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. மூடி திறக்காத தண்ணீர். உப்பில்லாத ஓட்ஸ். எல்லாம் சுத்தம்.

"எவ்வளவு தண்ணி?"

"போதுமான அளவு."

கிழிந்த சேலையை ஊக்குப் போட்டு மாட்டியிருந்த அண்ணி சுவரோரத்திலிருந்து சொன்னார்: "நேத்து மட்டும் பதினாலு பாட்டிலுங்கம்மா. லிட்டர் பாட்டிலு இல்ல, அரை லிட்டரு. காலியானத நாந்தான் கூட்டிப் பெருக்கி எண்ணி வெச்சேன். முந்தா நாளு பன்னெண்டு. வேர்த்து ஊத்துது, உப்பே ஒரு கல்லு உள்ள போவல."

டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ரத்தத்தில் உப்பு பார்க்கச் சொல்லி எழுதினார். சோதனை வந்ததும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வெறும் தண்ணீரை ஊற்றி மிச்ச உப்பையும் நீர்க்க வைத்துவிட்டேன். மூளை வீங்கியிருக்கிறது. உப்புநீரை மெதுவாக, சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் அதுவும் ஆபத்து. "நாளைக்குச் சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாதுங்க சார்."

சொட்டுகளை எண்ணினேன். குடிநீர்ச் சோதனைக்காரன், உப்புநீரின் சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம் லிடியா கண்ணைத் திறந்து, கடித்துப் புண்ணான நாக்கோடு குழறி, பெரியப்பா செத்துட்டாங்களா என்று கேட்டாள். பக்கத்து வார்டில் பதினாறு தையலோடு அவர் டீ கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

6

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணி ஊருக்குப் போய்த் தூக்குவாளியில் நீராகாரம் கொண்டுவந்தார். அந்த மூன்று நாளில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

தம்ளரில் ஊற்றினார். என்னைப் பார்த்தார். என் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு வாய் குடித்தார், விழுங்கினார், கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகுதான் லிடியாவிடம் நீட்டினார்.

"பெரியம்மா எப்பவும் ஏன் முதல்ல குடிக்கிறாங்க?" என்று லிடியா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. வயலில் அதைப் பார்த்தபோது எச்சில் என்றுதான் நினைத்தேன்.

"எங்க தெருவுல அப்படித்தான் கண்ணு. கஞ்சி கொண்டாந்தவ மொதல்ல குடிக்கணும். குடிச்சிட்டு நிக்கணும். அவளுக்கு ஒண்ணும் ஆவலன்னாத்தான் மத்தவங்களுக்கு. நான் கல்யாணமாகி வந்த அன்னிக்கே ஒங்க அப்பாவோட ஆத்தா சொல்லிக் குடுத்தாங்க. எஸ்தர் போனதுலேர்ந்து இப்படி."

"எஸ்தர் யாரு?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "சொல்லவே இல்லியா தம்பி?"

முப்பத்தேழு வருடம். நான் பயந்து ஓடிய இடத்தில் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து, அறுப்புக்கு அறுப்பு, ஒரு வாய் முன்னால் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் லிடியாவுக்கு எல்லாம் சொன்னேன். நண்டையும் சொன்னேன். மண்ணெண்ணெய் வாசத்தையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பெரியம்மாகிட்ட சாரி சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய்ச் சொன்னேன். "போங்க தம்பி, சேலைக்கு ஒரு சேலை வாங்கிக் குடுங்க, பட்டுல" என்றார் அண்ணி.

7

கோடையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாதுகாப்பான தண்ணீர் வேண்டும், அது உண்மை. கொதிக்க வைத்த தண்ணீரும் போதும். ஆனால் வியர்வை ஓடுகிற நாளில் தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். நல்ல தண்ணீரில் கரைத்த மோர், கஞ்சி, ரசம், வேளாவேளைக்கு முறையான சாப்பாடு. தாகத்துக்குக் குடிக்கட்டும், மணி அடித்துக் குடிக்க வைக்காதீர்கள். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் என்றால் இன்னொரு பாட்டில் திறக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். உங்கள் பயத்தைப் பிள்ளையின் வாயில் ஊற்றாதீர்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு பக்கமும் கேஸ். அண்ணன் வாய்தாவுக்கு வாய்தா போகிறார், இடையில் நடவும் நட்டுவிட்டார். அடுத்த தேர்தலில் எங்கள் கட்சிதான் ஆட்சிக்கு வரும் என்று இரண்டு தரப்பும் சொல்கின்றன. லிடியா அங்கேதான் போகப் போகிறாள்.

படிவத்தில் அவள் கடைசியில் 'உப்புக் குறைவு' என்று எழுதினாள்.

நேற்று வேலை முடிந்து வந்தேன். சில நாட்களாக என் முகத்தைப் பார்த்தே லிடியாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பயணத்தை நிறுத்து என்று சொல்லத்தான் போகிறேன் என்று. அடுப்படியில் மீந்த சோற்றை முந்தின நாளே ஊற வைத்திருக்கிறாள். கரைத்து, உப்புப் போட்டு, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி எடுத்து வந்தாள். இந்தக் குளிரில் யார் குடிப்பார்கள் இதை.

என் எதிரே நின்று ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது.

பிறகு தம்ளரை நீட்டினாள். நான் வாங்கி, முழுவதையும் குடித்தேன்.